நிலாக்களுக்கு ஜாதகம் எழுதிய சத்யபாமா

சத்யபாமா அக்கா விடிவதற்கு முன்னால் காலண்டர் தாளைக் கிழிக்க விடமாட்டார். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் பார்த்து வருகிற பழக்கம் இது. மணி ஐந்தோ ஐந்தரையோ, நாம் எழுந்து குளித்து வேலைக்கே வந்திருக்கலாம். ஜன்னல் கம்பியில் வெயில் படும் வரைக்கும் சுவரில் நேற்றைய தேதிதான் தொங்க வேண்டும். மேகம் மூடியிருந்தால் பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் பார்த்து, அந்த நிமிடம் வந்த பிறகு கிழிப்பார். நான் மறந்துபோய் முன்னாலேயே கிழித்துவிட்டால் தாளை வாங்கி, குண்டூசி போட்டு மறுபடி மாட்டிவிடுவார்.

"விடியலையேடி காவேரி, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்பார்.

அவர் வீட்டுப் பழக்கம் அது. ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் அவர்கள் குடும்பம் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். அப்பா ஸௌந்தரராஜன் ஜாதகமும் எழுதுவார். சிறு வயதிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல, குழந்தைகள் பிறந்த நாளையும் நேரத்தையும் நோட்டில் குறித்து வைத்தது சத்யபாமா அக்காதான்.

நான் அவரை முதலில் பார்த்தது வல்லம் வடகாலில், எங்கள் ஊர் வயல்களுக்கு நடுவே ரகுபதி சார் போட்டிருந்த கொட்டகையில். கொட்டகை என்று நாங்கள்தான் சொல்வோம், வாசல் போர்டில் கம்பெனி என்று இருக்கும். பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய பூதக்கண்ணாடி, காந்தம், சின்ன டெலஸ்கோப் எல்லாம் அங்கே செய்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். கதவைத் திறப்பது, பெருக்குவது, டீ வாங்கி வருவது, கண்ணாடிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பது என் வேலை. யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். வேலை பார்த்துக்கொண்டே மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

சத்யபாமா அக்கா அங்கே டைப்பிஸ்ட். எஸ்.எஸ்.எல்.சி. படித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். ரகுபதி சார் மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்து, வானத்தைத் திரையில் காட்டுகிற ஒரு புரோகிராமைத் தானே எழுதினார். எந்த நாள், எந்த மணி என்று கொடுத்தால் கிரகங்களும் அவற்றைச் சுற்றும் நிலாக்களும் அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று புள்ளி புள்ளியாக வரும். புரோகிராமை எழுதி முடித்த பிறகு அவருக்கு வியாபார அலைச்சல். நிலாக்களின் ஃபைலை மட்டும் அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த ஃபைலில் ஒவ்வொரு நிலாவுக்கும் ஒரு வரி. அது எந்தக் கிரகத்தினுடையது, எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று முதலில் இருக்கும். கடைசியில் ஒரு தேதி, ஒரு மணி, அந்த நேரத்தில் நிலா தன் வட்டத்தில் எந்தப் பாகையில் நின்றது என்று இருக்கும். இவ்வளவும் தெரிந்தால் வேறு எந்த நாளைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். ஆனால் சுற்று நாளில் கடைசி இலக்கம் துளி பிசகினாலும், வருடம் போகப் போக நிலா தள்ளிப் போய்விடும். கடிகாரத்தை ரேடியோ பார்த்துத் திருத்துவதுபோல, அவ்வப்போது புதிய தேதிக்குப் புதிய பாகை போட வேண்டும். புதிதாக நிலா கண்டுபிடித்தால் அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

"பிறந்த தேதி, நேரம், எந்தப் பாகை. இது ஜாதகம்தானே அம்மா?" என்று அவர் அப்பா சிரித்தாராம். அதிலிருந்து அக்காவும் அப்படித்தான் சொல்லுவார். "இன்னிக்கு யுரேனஸ் ஆத்துக் குழந்தைகளுக்கு ஜாதகம் எழுதணும். பதினஞ்சு. பாவம், அந்த ஆத்து மாமி!"

அந்த வேலையில் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மெட்ராஸ் போய், ஒரு நூலகத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டி, புதிய நிலா ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். நெப்டியூனுக்கு ஆறு, சனிக்கு ஒன்று என்று ஏழு புதிய நிலாக்களைப் பிடித்து வந்தார். ஐம்பத்து நாலாக இருந்தது அறுபத்தொன்றாயிற்று. ஏழுக்கும் அப்போது சரியான பெயர் வைக்கவில்லை. ஏதோ எழுத்தும் எண்ணும்தான். "பேர் வைக்காத குழந்தைகள்" என்று அவற்றை மட்டும் ஒரு அட்டையில் தனியாக எழுதி மேசை மேல் வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் அப்போது காலை எட்டு மணிக்கு வயல் பம்புசெட்டெல்லாம் ஓட ஆரம்பித்தாலும், சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டாலும் வோல்டேஜ் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் குருவி மாதிரி கத்தும், திரை சுருங்கிப்போகும். அதனால் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் விடியற்காலையில்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிடுவார். நான் வரப்பு மேல் நடந்து வந்து கதவைத் திறப்பேன். அவர் டைப் செய்ததைத் தாளோடு ஒத்துப் பார்க்க என்னைத்தான் உட்கார வைப்பார். இங்கிலீஷ் எனக்கு வராது, ஆனால் எண்கள் வரும். நான் தாளைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பேன், அவர் திரையில் விரலை ஓட்டி "ம்", "ம்" என்பார்.

1991 தை மாதத்தில், அறுபத்தொரு வரிகளுக்கும் புதிய தேதியும் புதிய பாகையும் போட்டு முடித்தார். அதற்கான அட்டவணையை மெட்ராஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தார். எல்லாவற்றையும் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தோம். அன்று எங்களுக்கு அவர் வீட்டு மிளகுச் சாதம், அவர்கள் மிளகோரை என்பார்கள், கிடைத்தது.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ரகுபதி சார் விடிந்ததுமே அக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சத்யபாமா, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு ஸ்கூல்லேர்ந்து சயின்ஸ் டீச்சருங்க வர்றாங்க. டெலஸ்கோப்ல குருவையும் அதோட நாலு நிலாவையும் காட்டப்போறேன். நம்ம புரோகிராம் எடுத்த படத்தையும் கையில கொடுக்கப்போறேன். ரெண்டும் ஒத்துப்போகணும்."

"ஒத்துப்போகும் சார்."

அவர் உடனே போகவில்லை. மேசை மேல் கிடந்த ஃப்ளாப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொரு விஷயம். தாம்பரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர். டிகிரி படிச்ச ஆளுங்க. இந்த நிலா ஃபைலை அவங்களே பார்த்துக்கறேன்னு சொல்றாங்க. சனிக்கிழமை சரியா வந்துட்டா உங்க கையிலேயே இருக்கட்டும். வரலைன்னா அவங்ககிட்ட கொடுத்துடுவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரி சார்" என்றார் அக்கா. அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காவேரி, இந்த ஃபைல் கையை விட்டுப் போயிடுத்துன்னா, 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு அடிச்சுண்டே நான் கிழவியாயிடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையை விடவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ஓடாது என்பதால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அன்றன்று ராத்திரி ஏழு மணிக்கு குருவும் நிலாக்களும் எப்படி இருக்கும் என்று காலையிலேயே அக்கா பிரிண்ட் எடுத்து வைத்துவிடுவார். சனிக்கிழமைக்குப் பழகட்டும் என்று திங்கட்கிழமையிலிருந்தே எடுக்க ஆரம்பித்தார். டெலஸ்கோப் குழாய் கடையும் ஜீவானந்தம் அண்ணன் தினமும் இருட்டியதும் முற்றத்தில் ஒரு டெலஸ்கோப்பை நிறுத்தி, கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்று குருவைப் பார்த்துத்தான் சோதிப்பார். அவர் பார்ப்பது கண்ணாடியை மட்டும்தான். டார்ச் பிடிக்க நான் நிற்பேன். அக்கா நாலு மணி பஸ்ஸுக்கே போய்விடுவார்.

அந்தத் திங்கட்கிழமை, ஜீவானந்தம் அண்ணன் பீடி பற்ற வைக்க நகர்ந்தபோது நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு பொட்டு, அதை ஒட்டி ஒரே கோட்டில் நாலு புள்ளி. பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. பிறகு கையிலிருந்த படத்தைப் பார்த்தேன். படத்தில் இடது பக்கம் மூன்று, வலது பக்கம் ஒன்று. வானத்தில் இரண்டும் இரண்டும்.

மறுநாளும் பார்த்தேன். அன்றும் வேறாக இருந்தது.

"இன்னாம்மா காவேரி, தெனம் வந்து எட்டி எட்டிப் பாக்குற? மேல எவனாச்சும் மாப்ள கீறானா?" என்றார் ஜீவானந்தம் அண்ணன்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தாளை நீட்டி, "படத்துல இருக்கிற மாதிரி இல்லண்ணே" என்றேன்.

"டெலஸ்கோப்புல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். இதுக்குப் போயி மொகத்த தொங்கப் போட்டுக்கினு நிக்கிற."

அது எனக்கும் தெரியும். அதற்காகவே அக்கா படத்தைத் தலைகீழாகத்தான் பிரிண்ட் எடுப்பார். ஆனாலும் அண்ணன் பேச்சுக்காக நான் தாளைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அப்படியும் பொருந்தவில்லை.

புதன்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. சாயங்காலம் அவசரத்தில் தாளை உருவிக்கொண்டு ஓடினேன். டெலஸ்கோப்பில் பார்த்தேன், தாளைப் பார்த்தேன். நாலும் நாலு இடத்தில், அச்சு பிசகாமல் அப்படியே இருந்தன. "அண்ணே, வந்துடுச்சு!" என்று கத்தினேன். நான் கத்தியதைப் பார்த்து ஜீவானந்தம் அண்ணன் பயந்தே போனார். பிறகு டார்ச் வெளிச்சத்தில் தாளின் மேல் பக்கத்தைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைத் தேதி. முந்தின நாள் தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். உள்ளே ஓடி அன்றைய தாளை எடுத்து வந்து பார்த்தேன். அது பொருந்தவில்லை.

நேற்றைய தாள் இன்றைய வானத்தோடு ஒத்துப்போகிறது. வீட்டுக்குப் போகும்போது வரப்பு முழுக்க இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். சொன்னால் அக்கா மனசு என்ன பாடுபடும் என்று ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் சனிக்கிழமை பன்னிரண்டு டீச்சர்கள் முன்னால் அவர் நிற்க வேண்டும். அது அதைவிட மோசம்.

வியாழக்கிழமை காலையில் அக்கா முன்னால் டீயை வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

"என்னடி, டம்ளரைக் காவல் காக்கறயா?"

"அக்கா, நிலா ஒரு நாள் முந்திக்கினு கீது."

"எந்த நிலா?"

"குருவோட நாலும்."

சொல்லி முடித்து மூன்று நாள் தாள்களையும் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றின் பின்பக்கமும் வானத்தில் பார்த்ததைப் பென்சிலால் புள்ளி வைத்திருந்தேன். அக்கா திங்கட்கிழமைப் படத்தையும் செவ்வாய்க்கிழமைப் புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு செவ்வாயையும் புதனையும். டீ ஆறிப்போயிற்று. அன்று நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டார். ஏழு மணிக்குத் தானே கண்ணை வைத்துப் பார்த்தார். முதல் தடவையாக அவர் வளர்த்த குழந்தைகளை நேரில் பார்க்கிறார்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு காவேரி!" என்றார் முதலில். அதன் பிறகுதான் கையிலிருந்த படத்தைப் பார்த்தார், முகம் வாடியது. ஜீவானந்தம் அண்ணன்கூட அப்போது கேலி செய்யவில்லை. கடைசி பஸ் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அதே முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டார். வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, "படிடி" என்றார். நான் ஜெராக்ஸ் தாளைப் பார்த்துப் படித்தேன். குருவின் நாலு நிலாக்கள், தூரம், சுற்று நாள், பாகை. "ம்", "ம்", "ம்". ஒரு இலக்கம்கூடப் பிசகவில்லை. மறுபடியும் படித்தேன். மறுபடியும் சரி.

"எண்ணெல்லாம் சரி, மணியும் சரி. அப்புறம் எப்படிடி ஒரு நாள் ஓடிப்போகும்?" என்று அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

சும்மா நிற்கப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் போனேன். கை தானாகக் காலண்டர் தாளைப் பிடித்தது.

"கிழிக்காதே. இன்னும் விடியலை" என்றார் அக்கா, தலையைத் திருப்பாமலே. "இன்னும் வியாழன்தான்."

கையை எடுத்துவிட்டேன். காலண்டருக்கு மேலே கடிகாரம். அதில் சரியாக ஐந்தரை. அந்த ஐந்தரையை எங்கேயோ பார்த்த ஞாபகம். திரும்பித் திரைக்கு வந்தேன். ஒவ்வொரு வரியிலும், தேதிக்குப் பக்கத்தில், ஐந்தரை.

"அக்கா, இந்த அஞ்சரை தாள்ல இல்லியே. எங்கேர்ந்து வந்துச்சு?"

"தாள்ல இருக்கறது லண்டன் நேரம்டி. ஜனவரி ஒண்ணு பிறக்கற ராத்திரி பன்னெண்டு. நம்ம ஊருக்கு அஞ்சரை மணி கூட்டணும். விடிகாலை அஞ்சரை."

"அப்ப தேதி? தாள்ல மேல ஜனவரி ஒண்ணுன்னு கீது. நீங்க டிசம்பர் முப்பத்தொண்ணுன்னு போட்டுக்கினு கீறீங்களே?"

"அஞ்சரைன்னா இன்னும் விடி..." என்று ஆரம்பித்தார் அக்கா. அங்கேயே நின்றுவிட்டார்.

தேதி ஜெராக்ஸ் தாளில் தலைப்பில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. வரிக்கு வரி நாங்கள் ஒத்துப் பார்த்தது எண்களை மட்டும். தேதிக் கட்டத்தை அக்கா தானாகவே நிரப்பியிருந்தார். இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிற அதே வழக்கத்தில். அந்த ஜனவரி ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குப் பிறந்த குழந்தைக்கு அவர்கள் வீட்டு நோட்டில் கிழமை திங்கள்தான். சூரியன் வந்தால்தான் செவ்வாய்.

அக்கா என்னைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து நான் பதறிக் கிட்டே போனேன். சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வர.

"செவ்வாய்க்கிழமை பிறந்த அறுபத்தோரு குழந்தைகளையும் திங்கட்கிழமையில எழுதி வச்சுட்டேனேடி! அப்பாகிட்ட சொன்னா, சரியாத்தானே எழுதியிருக்கேம்மான்னு சொல்லுவார்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விடியாத நேரத்தில் ஆளில்லாத கொட்டகையில் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்து, விரலை நெட்டி முறித்துவிட்டு உட்கார்ந்தார். நாளைக்கு வேண்டியது குருவின் நாலு வரி மட்டும்தான். ஆனால் அவர் முதலாவது வரியிலிருந்து ஆரம்பித்தார். எட்டு மணிக்குள் வோல்டேஜ் போய்விடும் என்ற பயம் எனக்கு. ஒவ்வொரு வரியாகப் போய், பழைய தேதியை அழித்து, புதியதை அடித்தார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்து மூன்றாவது வரியில் ஸ்டெபிலைசர் ஒரு தடவை கத்தி எங்கள் உயிரை வாங்கியது. அறுபத்தொன்றாவதை அடித்தபோது ஜன்னல் கம்பியில் வெயில் ஏறி வெகு நேரமாகியிருந்தது. அக்கா எழுந்து போய் வியாழக்கிழமையைக் கிழித்தார்.

ஒன்பது மணிக்கு ரகுபதி சார் வந்ததும், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மார்கழி மாசம் விடிகாலை அஞ்சு மணிக்குக் கோயில்ல பாடறீங்களே, அது எந்த நாள் கணக்கு? அன்னைய நாள்தானே, முந்தின நாள் இல்லையே?"

"அது பாட்டு சார். இது ஜாதகம்."

சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அறுபத்தோரு வரியையும் ஒண்ணு ஒண்ணாவா மாத்தினீங்க?"

"ஆமாம் சார்."

"ஒரே தடவையில எல்லாத்தையும் மாத்த ஒரு கமாண்ட் இருக்கே!"

"நீங்க சொல்லித் தரலையே சார்."

சார் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி. நாளைக்கு வானம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதனால் அன்று முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் பார்க்கலாம் என்றால் மேகம், ராத்திரி மழை.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டீச்சர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துச் சேற்றைத் தாண்டினார்கள். எல்லோர் கையிலும் நான் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். அக்கா சுவரோரமாக, இருட்டில், புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

படப்பையிலிருந்து வந்த செல்லம்மாள் டீச்சர்தான் முதலில் பார்த்தார். வயதானவர், குரல் கணீரென்று இருக்கும்.

"மூணுதானேப்பா இருக்கு? நாலு நிலான்னு சொன்னீங்க."

அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்திருந்தார்.

"கையில இருக்கிற தாளைப் பாருங்கோ மேடம்" என்றார். "அதுலயும் மூணுதான். நாலாவது குருவோட நிழல்ல மறைஞ்சிருக்கு. ஏழு இருபதுக்கு வெளியில வரணும். கீழே எழுதியிருக்கு."

"வருமா?"

"வரணும் மேடம்."

எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏழு இருபது ஆயிற்று. செல்லம்மாள் டீச்சர் டெலஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, வேறு யாரையும் கிட்டே விடவும் இல்லை. ஏழு இருபத்திரண்டு. ஜீவானந்தம் அண்ணன் மெதுவாக, "டிராஃபிக் ஜாம் போல கீது" என்றார். யாரோ சிரித்தார்கள். ரகுபதி சார் சிரிக்கவில்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்த இடம் மறுநாள் வரைக்கும் வலித்தது.

ஏழு இருபத்து நாலுக்கு, "அடடடா!" என்றார் செல்லம்மாள் டீச்சர். "வருது! மினுக்குன்னு ஒண்ணு... ஒண்ணுமில்லாத இடத்துலேர்ந்து வருதுப்பா! யாருய்யா இதைக் கணக்குப் போட்டது?"

ரகுபதி சார் அக்காவைக் காட்டினார். "இவங்கதான். நிலாக்களெல்லாம் இவங்க பொறுப்பு."

அவ்வளவுதான் சொன்னார். தாம்பரம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. பன்னிரண்டு டீச்சர்களும் முறை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பார்த்ததும் தாளைப் பார்ப்பதும், மறுபடி கண்ணை வைப்பதும், பக்கத்திலிருப்பவரைத் தட்டுவதுமாக ஒரே கும்மாளம். வேன் டிரைவரும் பார்த்தார். கடைசியில் அக்கா பார்த்தார். வெகு நேரம் நிமிரவே இல்லை.

திங்கட்கிழமை அக்கா ஃப்ளாப்பிப் பெட்டியின் சாவியைத் தன் தாலிக்கயிறு இல்லாத கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு வந்தார். "கல்யாணத்துக்கு முன்னாடியே அறுபத்தோரு குழந்தை. ஊர் என்ன சொல்லும்?" என்று அவரே கேலி செய்துகொண்டார். ஒரு புதிய ஏற்பாடும் போட்டார். எந்த வரி சேர்த்தாலும் தேதிக் கட்டத்தை நான்தான் நிரப்ப வேண்டும். அதில் அவர் கை வைக்கமாட்டார். காலண்டரை மட்டும் முன்போலவே விடிந்த பிறகுதான் கிழிப்பார். "அது வேற கணக்கு, இது வேற கணக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருடம் தீபாவளிக்குச் சில நாள் முன்னால், மெட்ராஸ் போய் வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே வந்தார். ஏழு குழந்தைகளுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மறுநாள் பெரிய தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அட்டையைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். பான், நயாட், தலாசா, டெஸ்பினா, கலாட்டியா...

"இது நம்ம வடக்குப்பட்டு ஊர்க் கொழந்த போலக் கீதே. பேர்லயே கலாட்டா!" என்றார் ஜீவானந்தம் அண்ணன்.

"உம்ம பேரை வைக்கச் சொல்லி எழுதிப் போடவா?" என்றார் அக்கா.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. இன்னும் ஒரு கரண்டி பொங்கல் வெச்சா போதும்."

பெயர்களை அடித்தது அக்கா. தேதியை அடித்தது நான்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் லாரிகள் நிற்கின்றன. ரகுபதி சார் படப்பையில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். அவருடைய புரோகிராம் பல தடவை மாறி, இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. நிலா ஃபைல் சத்யபாமா அக்காவிடமே இருக்கிறது. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, நிலாக்கள் நானூறைத் தாண்டிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சன்னதித் தெருவுக்குப் போகிறேன். நான் எண்களைப் படிக்கிறேன், அவர் லேப்டாப்பில் அடிக்கிறார், தேதிக் கட்டத்தை நான் நிரப்புகிறேன்.